தோலில் டீ, துணியில் மரம்

போன மாதம் கோயம்புத்தூரில் ஒரு பெரிய வணிக வளாகத்துக்கு மகளோடு செருப்பு வாங்கப் போயிருந்தேன். செருப்பு வாங்கப் போனால் செருப்பை மட்டும் வாங்கிக்கொண்டு வருகிற ரகம் இல்லை அவள். நான் ஒரு வாசனைக் கடையின் ஓரமாக நின்று காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருந்தேன். கடையிலிருந்த பெண் என்னை வாடிக்கையாளர் என்று நினைத்துவிட்டாள் பாவம். "கையைக் கொடுங்க மேடம்" என்று சொல்லி, நுனியில் குண்டு உருளும் விரல் நீளக் குப்பியால் என் மணிக்கட்டில் ஒரு கோடு இழுத்தாள். "டீயும் மரமும் கலந்தது மேடம். எண்ணெய்தான், ஸ்ப்ரே இல்ல. ரொம்ப லைட்டா இருக்கும்."

மோந்து பார்த்தேன். புதிதாகச் சீவிய பென்சில். அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. விலைச்சீட்டைப் பார்த்ததும் மகளைத் தேடுகிற பாவனையில் நகர்ந்துவிட்டேன். ஆனால் கார் சூலூரைத் தாண்டும்போது ஏதோ ஒரு நினைப்பில் கையைத் திருப்பி மூக்கருகில் கொண்டுபோனேன். பென்சில் போய்விட்டிருந்தது. டீத்தூள் டப்பாவின் மூடியைத் திறந்ததும் வருமே, பால் சேராத, சர்க்கரை சேராத, சற்றே கசப்பான காய்ந்த இலை வாசம், அது வந்து உட்கார்ந்திருந்தது. பல்லடம் வரைக்கும் மணிக்கட்டை மூக்கிலிருந்து எடுக்கவில்லை.

"ஏம்மா, கையில அடிபட்டுருச்சா?" என்றாள் மகள்.

"இல்ல கண்ணு. ரோஸ்லின் ஞாபகம் வந்துருச்சு."

"யாரு ரோஸ்லின்?"

அவளுக்குப் பாதிதான் சொன்னேன், அதற்குள் வீடு வந்துவிட்டது. உங்களுக்கு முழுதாகச் சொல்கிறேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. பொங்கலூர்ப் பக்கத்து ஊரிலிருந்து பி.காம் முடித்த கையோடு, திருப்பூர் வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. மெர்ச்சன்டைசிங் அசிஸ்டென்ட். அப்பாவுக்கு அந்தச் சொல் வாயில் நுழையவில்லை. "புள்ள மெர்ச்சன்ட்டா இருக்குதுங்க" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவிட்டார். நான் தனியாகக் கடை போட்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு ஒரு சித்தப்பா தீபாவளிக்குத் தள்ளுபடி கேட்டு வந்தார். உண்மையில் என் வேலை, கையில் ஒரு ஃபைலை வைத்துக்கொண்டு நிட்டிங்குக்கும் டையிங்குக்கும் தையலுக்கும் பேக்கிங்குக்கும் நடையாக நடந்து "எப்பங்க முடியும்?" என்று கேட்பது. "நாளைக்குங்க" என்று சொல்வார்கள். அதை ஃபைலில் எழுதிக்கொள்வேன். மறுநாளும் போய்க் கேட்பேன்.

அந்த நடையில் மூக்கே எனக்கு வழி காட்டியது என்று சொல்லலாம். கண்ணைக் கட்டி விட்டால்கூட எந்த செக்‌ஷனில் நிற்கிறேன் என்று சொல்லிவிடுவேன். நிட்டிங்கில் ஊசி எண்ணெய். டையிங்கிலிருந்து வந்த துணி உருளைகளில் சோடாவும் சாயமும் கலந்த ஒரு புளித்த வாடை. அயர்னிங் டேபிளில் நீராவியோடு எழும்பும் வெந்த பருத்தி. வெளியே வந்தால் சாயக் கழிவு ஓடும் நொய்யல் ஆற்றுப் பக்கமிருந்து அடிக்கிற காற்று. அதைப்பற்றி ஒன்றும் சொல்லாமலிருப்பதே மரியாதை. கடைசியாக பேக்கிங் ஹால். அங்கே எந்த வாசமும் கிடையாது. புதுத் துணி, புது பாலிபேக், புது அட்டைப்பெட்டி, அவ்வளவுதான். நாங்கள் தைத்தது பிறந்த குழந்தைகளுக்கான உடுப்பு. உள்ளங்கை அகலத்தில் சட்டை, விரலளவு காலுறை. கடல் கடந்து போகிற உடுப்பு.

அந்த ஹாலில்தான் ரோஸ்லின் இருந்தாள். அம்பாசமுத்திரத்துக்கு மேலே மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள். அப்பா அங்கே தேயிலை வறுக்கிற ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், முதல் நாளே "ஏட்டி" என்றுதான் கூப்பிட்டாள். எங்கள் பக்கத்தில் பெற்ற பிள்ளையையே "வாங்க, போங்க" என்று சொல்கிற வீடுகள் உண்டு. எனக்கு அந்த "ஏட்டி" முதலில் சுருக்கென்றது, ஒரு வாரத்தில் அதைக் கேட்காவிட்டால் ஏதோ குறைகிற மாதிரி ஆகிவிட்டது. கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். ஞாயிறு சர்ச்சுக்குப் போய்விட்டு வந்தால் மற்ற நேரமெல்லாம் எனக்காகக் காத்திருப்பாள்.

அவள் மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேன்டீன் டீயை வாயில் வைக்காமலே, "இது நேத்து மிச்சத்துல இன்னிக்குத் தூளப் போட்டுக் கொதிக்க வச்சது" என்பாள். கேன்டீன்காரர் முகம் போகிற போக்கைப் பார்த்தால் அது உண்மை என்று தெரியும். மழை வருவதற்கு அரைமணி முன்பே வானத்தைப் பார்த்துச் சிரிப்பாள். நான் எந்த செக்‌ஷனிலிருந்து வருகிறேன் என்று என் துப்பட்டாவை வைத்துச் சொல்வாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. சிலருக்கு நன்றாகப் பாட வரும், சிலருக்குக் கோலம் வரும், இவளுக்கு மூக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் மிச்சத் துணிகளைக் கிளறிக்கொண்டிருந்தபோது, சந்தில் ஒரு அத்தர் கடை தென்பட்டது. கடை என்றால் ஒரு ஆள் உட்காரவும் ஒரு கண்ணாடிப் பெட்டி வைக்கவும் இடம். சலீம் பாய் என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார். மல்லிகை, ரோஜா, சந்தனம் என்று வரிசையாக மூடியைத் திறந்து காட்டினார். ரோஸ்லின் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி மறுத்துவிட்டுக் கேட்டாள், "அண்ணாச்சி, தேயில வாசத்துல ஏதாவது இருக்கா?"

அவர் சிரித்தார். "தேயிலை வாசத்துக்கு டீக்கடைக்கில்ல போகணும்?"

"டீக்கட வாசம் இல்ல. வறுத்த தேயிலய தட்டுல கொட்டி ஆற வப்பாவ. பக்கத்துல விறகு அடுக்கி இருக்கும். அந்த வாசம்."

பாய் சிரிப்பை நிறுத்திவிட்டு அவளை ஒரு மாதிரி பார்த்தார். மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார். நான் அதை மறந்தே போனேன். அவள் மறக்கவில்லை. மூன்றாவது ஞாயிறு போனபோது, மருந்துக் குப்பி போல ஒன்றை எடுத்து, கண்ணாடிக் குச்சியால் அவள் மணிக்கட்டில் ஒரு பொட்டு வைத்தார். "தேய்க்காதீங்க. அப்படியே விடுங்க" என்றார். முதலில் வந்தது மரம்தான். இழைப்புளியில் சீவின காய்ந்த மரம். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பாய் எனக்கும் ஒரு பொட்டு வைத்தார். துணி பார்க்கப் போனோம், பேரம் பேசினோம், கரும்புச்சாறு குடித்தோம். பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது ரோஸ்லின் நடுரோட்டில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் திட்டிக்கொண்டே வளைந்து போனார்.

"வந்துட்டுட்டி" என்றாள், மணிக்கட்டை முகத்தோடு அழுத்திக்கொண்டு. "டீ வந்துட்டு."

திரும்பிப் போய் அந்தக் குப்பியை வாங்கினோம்.

அந்த எண்ணெய் ஒரு விநோதமான பிறவி. ஊருக்கே வாசம் அடிக்கிற ஜாதி இல்லை. ஒரு கை தூரத்தில் நின்றால் தெரியாது. மணிக்கட்டை மூக்கோடு வைத்தால்தான் உண்டு. கைக்குக் கை மாறவும் செய்தது. மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் பேக்கிங் பெண்கள் எல்லாரும் ஆளுக்கொரு பொட்டு வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் அடி வாங்க நீட்டுகிற மாதிரி கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கலாமணி அக்கா கையில் அது கருப்பட்டி போட்ட மாதிரி இனித்தது. இன்னொருத்தி கையில் மரம் மரமாகவே நின்றது, டீ எட்டிப் பார்க்கவே இல்லை. என் கையில் டீ சீக்கிரம் வந்து சீக்கிரம் ஆறிப்போகும். "உன் தோலு அவசரக்காரித் தோலுட்டி" என்பாள் ரோஸ்லின். அவள் கையில்தான் அது முறையாக நடந்தது. மரம் கால்மணி நேரம் இருந்து, மெல்ல ஒதுங்கி, டீ முன்னால் வந்து, சாயங்காலம் வரைக்கும் இரண்டும் ஒன்றாக அடங்கிக் கிடக்கும். கடைசியில் எண்ணெய் எது, அவள் தோல் எது என்று பிரிக்க முடியாது.

ஒருநாள் கைக்குட்டையை நீட்டினாள். "இதுலயும் வச்சுப் பாத்தேன். துணியில டீ வரவே மாட்டேங்கு. வெறும் மரம் மட்டும் நிக்கி. தோலுச் சூடு வேணும்போல." எனக்கு அன்று ஃபைல் கவலை. "சரிடி" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன். உலகத்தில் முக்கியமான பல விஷயங்களை நான் இப்படித்தான் "சரிடி" என்று கடந்து போயிருக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, பெரிய ஆர்டரின் கடைசிச் சோதனைக்கு, சரக்கை வாங்குகிற பையரின் சென்னை ஆபீஸிலிருந்து, தரம் பார்க்கிற க்யூசி ராகவன் வந்தார். அவர் பாஸ் என்று எழுதினால்தான் சரக்கு கன்டெய்னர் ஏறும். திங்கட்கிழமை கன்டெய்னர். ராகவன் வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் வராமல் நாள் முழுக்க இருக்கக்கூடியவர். தையல் பார்த்தார், பட்டன் இழுத்துப் பார்த்தார், அளவு பார்த்தார். எல்லாம் சரி. பிறகு ஒரு பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்ததும் குனிந்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"என்ன ஸ்மெல் இது?"

மறுபடி குனிந்து மோந்தார்.

"மர வாசனை அடிக்குது. சென்ட் மாதிரி. பேபி வேர் இது, தெரியும்ல? பிறந்த குழந்தை போடறது. ஒரு வாசனையும் இருக்கக் கூடாது." இன்னும் இரண்டு பெட்டி திறந்தார். அதே வாசம். ரிப்போர்ட்டில் ஃபெயில் என்று எழுதினார்.

பேக்கிங் இன்சார்ஜ் பழனியப்பன் அண்ணன் கெட்டவர் இல்லை. பதினைந்து வருடம் அந்த ஹாலைக் கண்போலக் காத்தவர். அந்தப் பயத்தில் அவர் வாயில் முதலில் வந்தது ஒரு பெயர்தான். "அந்த ரோஸ்லின் புள்ள கையில ஏதோ எண்ணெய் பூசுதுங்க. மர வாசம் அடிக்குமுங்க. எல்லாருக்கும் பூசி உடுதுங்க."

அது நிஜம். ஹாலில் எல்லாருக்கும் தெரிந்த நிஜம். அப்போது எங்கள் கம்பெனியில் சென்ட் போடக் கூடாது என்று ஒரு விதியும் இல்லை, ஆனால் அதை அந்த நேரத்தில் யார் பேசுவது? ரோஸ்லினைக் கூப்பிட்டார்கள். அவள் கையை நீட்டினாள். ராகவன் மோந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். பழனியப்பன் அண்ணன் அவளைப் பார்க்காமல், தரையைப் பார்த்து, "நீ வெளியில இரு கண்ணு. நாளையிலிருந்து வர வேண்டாம்" என்றார்.

அவள் அழவில்லை. ஏப்ரனைக் கழற்றி மடித்து மேஜையில் வைத்தாள். வேலை போவது மட்டும் இல்லை அது. எங்கள் ஊரில் கம்பெனிக்குக் கம்பெனி பேச்சு ஆள் ஏற்றுகிற வேனில் போகும். மறுநாள் காலைக்குள் வீரபாண்டி முழுக்க, ஒரு ஷிப்மென்ட்டையே கெடுத்த பெண் என்று அவள் பெயர் போயிருக்கும். அப்புறம் எந்த பேக்கிங் ஹாலும் அவளை வாசல்படி ஏற்றாது.

இதைச் சொல்லும்போது என்னைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு. அன்று காலை அவள் குப்பியிலிருந்து என் கையிலும் ஒரு பொட்டு வைத்திருந்தேன். அந்தக் கையை ஃபைலுக்கு அடியில் மறைத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வயது, முதல் வேலை, அப்பா ஊரெல்லாம் மெர்ச்சன்ட் என்று சொல்லி வைத்திருக்கிறார். காரணம் நிறைய இருந்தது. ஆனால் அவள் என்னைக் கடந்து வெளியே போகும்போது என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் போனாள். காட்டிக் கொடுத்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அரைமணி நேரம் தாங்கினேன். அதற்கு மேல் முடியவில்லை. திறந்த பெட்டியிலிருந்து ஒரு உடுப்பை எடுத்து பாலிபேக்கில் போட்டு, ஃபைலுக்குள் வைத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடினேன். வாட்ச்மேன் ரூமுக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள்.

"ரோஸி, மன்னிச்சுக்கடி" என்றேன். "இதை மோந்து பாரு."

அவள் உறையைத் திறந்து, கண்ணை மூடி, ஒரே ஒரு மூச்சு இழுத்தாள். பிறகு இன்னொன்று. கண்ணைத் திறந்தபோது அவள் முகமே வேறாக இருந்தது.

"இது என் எண்ணெ இல்லட்டி."

"மரந்தானே வாசம் அடிக்குது?"

"மரந்தான். ஆனா இது பச்ச மரம். காயாத மரம். என் எண்ணெ துணியில பட்டா காய்ஞ்ச மரம்லா நிக்கும், பென்சில் மாதிரி. இதுல அடியில ஒரு மருந்து வாசமும் கெடக்கு. பூச்சி மருந்து." கொஞ்சம் யோசித்தாள். "திறந்த பெட்டி எல்லாம் எங்க இருந்துச்சு? மேலயா, கீழயா?"

கீழ் வரிசை. கை எட்டுகிற இடத்திலிருந்துதான் எடுத்தார்கள்.

"கீழ என்ன இருக்கு?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே எழுந்து நின்றுவிட்டாள். எனக்கும் அதே நொடியில் உறைத்தது. பத்து நாளுக்கு முன்னால் மழையில் தரை கசிந்து சில பெட்டிகள் நனைந்தன. பெட்டிகளைத் தரையில் வைக்க வேண்டாமென்று புதிதாக மரப்பலகை அடித்த பேலட் தட்டுகள் வந்திறங்கின. வெட்டின ஈரம் போகாத பலகை. கரையான் ஏறாமலிருக்க மருந்து வேறு பூசியிருந்தார்கள். "இனிமே ஒரு பொட்டி நனையாதுங்க" என்று பழனியப்பன் அண்ணன் பெருமையாகச் சொன்னது என் காதிலேயே இருந்தது.

நான் நேராக முதலாளி அறைக்குப் போனேன். கதவைத் தட்டினேனா என்று ஞாபகமில்லை. உள்ளே முதலாளி, ராகவன், பழனியப்பன் அண்ணன் மூவரும் இருந்தார்கள். கையை நீட்டினேன். "நானும் அந்த எண்ணெய் பூசியிருக்கறனுங்க. அந்தப் புள்ளைய அனுப்பறதுன்னா என்னையும் அனுப்பிருங்க. ஆனா துணியில இருக்கறது இந்த வாசம் இல்லீங்க. அதை அவ நிரூபிப்பாளுங்க." நிரூபிப்பாள் என்ற சொல் எப்படி வாயில் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "எத்தன நேரம் ஆகும் கண்ணு?"

"ஒரு மணி நேரமுங்க."

"கன்டெய்னருக்கு இன்னும் மூணு நாள் இருக்குது. ஒரு மணி நேரத்துல என்ன கெட்டுப் போகுது? கூப்புடு அந்தப் புள்ளைய."

ராகவன்தான் சோதனையை அமைத்தார். நம்பாதவர் என்பதால் ஒழுங்காக அமைத்தார். ஆறு பாலிபேக். இரண்டில் கீழ் வரிசைப் பெட்டியின் உடுப்பு. இரண்டில் மேல் வரிசையின் உடுப்பு. ஒன்றில் ரோஸ்லினின் எண்ணெய் தடவிய துணி, அரைமணி நேரம் ஊறவிட்டது. ஒன்றில் வெறும் புதுத் துணி. அடியில் எண் எழுதி, அவளை வெளியே நிற்க வைத்துவிட்டுக் கலைத்தார். கண்ணைக் கட்டத் துணி தேடினார்கள். வேலை செய்வது பனியன் கம்பெனி, ஆனால் கண்ணைக் கட்ட ஒரு துண்டுத் துணி கிடைக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. கடைசியில் என் துப்பட்டா.

ரோஸ்லின் உள்ளே வந்தாள். தையல் செக்‌ஷனில் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லாரும் வந்து சுற்றி நின்றார்கள். பீகாரிலிருந்து வந்து அயர்னிங்கில் நின்ற இரண்டு பையன்கள் பெட்டிமேல் ஏறிப் பார்த்தார்கள்.

"இது வெறுந்துணி" என்றாள் முதலாவதை. இரண்டாவதை மோந்ததும் முகத்தைச் சுளித்தாள். "இது கீழ இருந்தது. மருந்து." மூன்றாவது, "இது மேல இருந்தது. லேசா அட்டப்பெட்டி வாசம் இருக்கு." நான்காவதில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சிரித்துவிட்டாள். "இது என் எண்ணெ. காய்ஞ்ச மரம். டீ இல்ல பாருங்க." ஐந்து, ஆறு இரண்டையும் மூச்சு விடுகிற நேரத்தில் சொல்லிவிட்டாள்.

ராகவன் ஒவ்வொன்றையும் திருப்பி எண்ணைப் பார்த்தார். ஆறும் சரி. இரண்டாவதையும் நான்காவதையும் தானே மோந்தார், மாற்றி மாற்றி மூன்று தடவை. பிறகு பேக்கிங் ஹாலுக்கு நடந்தார். பின்னாலேயே நாங்கள் எல்லாரும். பெட்டிகளை நகர்த்தச் சொன்னார். அந்த வெள்ளைச் சட்டைக்காரர், சுருக்கமே படாத அந்த மனிதர், முழங்காலிட்டுக் குனிந்து, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, பலகையில் மூக்கை வைத்தார். அந்தக் காட்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எழுந்தபோது மூக்கு நுனியில் மரத்தூள் ஒட்டியிருந்தது. யாரும் சொல்லத் துணியவில்லை.

"பேலட்தான்" என்றார். "அவங்க சொன்னது கரெக்ட்."

யார் முதலில் கைதட்டியது என்று தெரியாது. கலாமணி அக்காவாகத்தான் இருக்கும். பிறகு ஹாலே அதிர்ந்தது. கலாமணி அக்கா என் துப்பட்டாவைச் சுழற்றினாள், அதற்குப் பிறகு அது என்ன ஆனது என்று எனக்குத் தெரியவில்லை. பழனியப்பன் அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரோஸ்லின் முன்னால் வந்து நின்றார். அவள் மடித்து வைத்த ஏப்ரனைக் கையில் எடுத்து வந்திருந்தார். "தப்பாப் பேசிப்போட்டனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். "கண்ணு" போய் "வாங்க, போங்க" வந்திருந்தது.

"பரவால்லண்ணே" என்றாள் அவள். ஏப்ரனை வாங்கிக் கட்டிக்கொண்டாள். "வாங்க, பெட்டியப் பாப்போம். நேரம் இல்ல."

சனியும் ஞாயிறும் கம்பெனி தேர்த் திருவிழா மாதிரி இருந்தது. பலகைத் தட்டுகளை வெளியே எறிந்தோம். கீழ் வரிசைச் சரக்கை எல்லாம் பிரித்து, திரும்ப அலசி, மொட்டை மாடியில் கொடி கட்டி வெயிலில் காய வைத்தோம். அத்தனை சின்னச் சின்னச் சட்டைகள் ஒரே மாடியில் காற்றில் கை வீசிக்கொண்டிருந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதலாளி வீட்டிலிருந்து எல்லாருக்கும் சாப்பாடு வந்தது. மறுபடி அயர்ன் செய்து, மடித்து, புதுப் பெட்டியில் அடுக்கி, மூடுவதற்கு முன் ஒவ்வொரு பெட்டியும் ரோஸ்லின் முன்னால் வந்து நின்றது. அவள் அந்த இரண்டு நாளும் எண்ணெய் வைக்கவில்லை, தலையில் பூ வைக்கவில்லை, சோப்புப் போட்டுக்கூடக் குளிக்கவில்லை. மூன்று பெட்டிகளைத் திருப்பி அனுப்பினாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

திங்கள் காலை ராகவன் வந்து அவர் விருப்பத்துக்குப் பத்துப் பெட்டி திறந்தார். ரிப்போர்ட்டில் வாசனை என்று ஒரு கட்டம் இருக்கும். யாரும் அதுவரை கவனிக்காத கட்டம். அதில் "இல்லை" என்று எழுதிவிட்டுப் பேனாவை ரோஸ்லினிடம் நீட்டினார். "இதுல நீங்க கையெழுத்துப் போடுங்க." அவள் தமிழில் போட்டாள், முழுப் பெயரையும், எஸ்டேட் பள்ளிக்கூடத்துக் குண்டு எழுத்தில். கன்டெய்னர் சங்கிலி குலுங்கத் தூத்துக்குடிக்குக் கிளம்பியபோது அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள், "எங்க ஊருப் பக்கம்தான் போவுதுட்டி."

அந்தக் கட்டம் அதற்குப் பிறகு காலியாக இருந்ததே இல்லை. பக்கத்துக் கம்பெனிகளிலிருந்து வேன் அனுப்பி அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். சாய வாடை, எண்ணெய் வாடை, பூசண வாடை, எல்லாவற்றுக்கும் ரோஸ்லின். இரண்டு வருடத்தில் ராகவனின் ஆபீஸே அவளை எடுத்துக்கொண்டது. கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு க்யூசியாக எங்கள் கம்பெனிக்குள் அவள் நுழைந்த முதல் நாள், பழனியப்பன் அண்ணன் எழுந்து தன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. என்னைத் தேடி வந்து, ஃபைலைப் பிடுங்கிக்கொண்டு, "இன்னும் இதத் தூக்கிட்டுத்தான் அலையுதியா?" என்றாள். இப்போது சென்னையில் இருக்கிறாள், பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிறாள். கிறிஸ்துமஸுக்கு ஃபோன் செய்வாள். ஏட்டி இன்னும் மாறவில்லை.

மாறியவை மற்றவைதான். சலீம் பாய் கடை இருந்த சந்தில் கைபேசி உறை விற்கிறார்கள். அவர் எதை எதோடு கலந்தார் என்று எங்களுக்கு எழுதித் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எங்கள் கம்பெனிக் கட்டடத்தை மூன்றாகப் பிரித்து மூன்று பேர் குடோன் வைத்திருக்கிறார்கள். தட்டுகள் எல்லாம் பிளாஸ்டிக். வாசனைச் சோதனைக்குத் துண்டுத் துணியை லேபுக்கு அனுப்புகிறார்கள். அங்கே முறைப்படி பார்த்து, எண் போட்டு, மெயிலில் ரிப்போர்ட் வருகிறது. நல்ல ஏற்பாடுதான். தப்பு நடக்காது, யாரையும் வாசலில் நிறுத்த வேண்டியதில்லை. அதற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

ஆனால் மெயிலுக்கு யாரும் கைதட்டுவதில்லை. அன்றெல்லாம் ஒரு பெட்டி திறந்திருக்கும். ஒரு பெண் அதன் முன் கண்ணை மூடி நிற்பாள். முப்பது பேர் பெட்டி ஒட்டுகிற டேப்பைக் கையில் பிடித்தபடி, தாங்கள் விடுகிற மூச்சு அவளுக்கு இடைஞ்சலாகிவிடக் கூடாதே என்று மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பார்கள். அவள் கண்ணைத் திறந்து "மூடுங்க" என்பாள். முப்பது பேரும் ஒன்றாக மூச்சு விடுவார்கள். அந்தச் சத்தம் திருப்பூரில் இப்போது எங்கேயும் இல்லை.